கடலூர் மணலுக்கும் புதுவைச் செம்மண்ணுக்கும் ஆர்.சி. டிரக்: பிரஷ்லெஸ் மோட்டாரும் கியரும் தேர்ந்தெடுக்க முழுமையான வழிகாட்டி

ரிமோட்டில் ஓடும் ஆர்.சி. டிரக்குக்குப் பிரஷ்லெஸ் (கார்பன் பிரஷ் இல்லாத) மோட்டார் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் பெட்டி மேல் பெரிதாக அச்சடித்திருக்கும் கேவி எண்ணை, அதாவது ஒரு வோல்ட்டுக்கு எத்தனை சுற்று என்பதைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். 3300-ஐ விட 5400 பெரிசு, அப்போ அதையே எடுத்துவிடலாம். அதை எடுத்து, கையில் கிடைத்த பெரிய பினியனையும் (மோட்டார் தண்டில் மாட்டும் பல்சக்கரம்) போட்டு, கடலூர் தேவனாம்பட்டினத்துக் காய்ந்த மணலில் ஓட்டினால் கொஞ்ச நேரத்தில் மோட்டாரைத் தொட முடியாது. மோட்டார் மேல் குறை சொல்லிப் பயனில்லை, தேர்ந்தெடுத்த வரிசை தலைகீழ்.

ஓட்டப் போகும் தரை, வண்டியின் எடையும் டயரும், பேட்டரி, மோட்டாரின் உடல் அளவு, அப்புறம் கேவி, எல்லாவற்றுக்கும் கடைசியில் கியர். இந்த வரிசையில் போனால் பணமும் மிச்சம், மோட்டாரும் மிச்சம். கீழே உள்ள கணக்குகள் எல்லாம் 1/10 அளவு, அதாவது அசல் வண்டியில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள டிரக்கை வைத்துத்தான். 1/8 வண்டிக்கு எங்கே மாறுமோ அங்கே சொல்கிறேன்.

முதலில் தரை

நம் பக்கத்தில் ஒரு மணி நேரப் பயணத்துக்குள் நாலு விதமான தரை கிடைக்கிறது. மஞ்சக்குப்பம் மைதானம் கெட்டி மண். ஆரோவில் பக்கமும் பண்ருட்டி முந்திரித் தோப்புகளிலும் செம்மண். மழை பெய்து காய்ந்தால் கெட்டியாகவும், கோடையில் மேலே மாவு போல் புழுதியாகவும் இருக்கும். தென்பெண்ணை, கெடிலம் ஆறுகளில் தண்ணீர் வற்றிய பிறகு சொரசொரப்பான மணல். தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் மட்டும் ஒரே இடத்தில் இரண்டு தரை: அலை நனைத்துவிட்டுப் போன பட்டை தார் ரோடு மாதிரி கெட்டி, அதற்கு மேலே காய்ந்த மணலில் டயர் பாதி புதையும்.

புதுச்சேரி பீச் ரோட்டில் சாயங்காலம் வண்டிகளை நிறுத்திவிடுவதால் அங்கே ஓட்டலாமே என்று தோன்றும். வேண்டாம். நடைபாதைக் கூட்டத்தில் இரண்டரை கிலோ வண்டி 40 கி.மீ. வேகத்தில் ஒரு குழந்தையின் கணுக்காலில் மோதினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். தேவனாம்பட்டினத்திலும் வலை காயப்போட்டிருக்கும் பக்கம் போகாதீர்கள். வலை அச்சில் சுற்றினால் உங்களுக்கு ஒரு கியர் போகும், அவர்களுக்கு ஒரு நாள் பிழைப்பு போகும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை இரவில் மணலில் ஓட்டுவதையே விட்டுவிடுங்கள், ஆலிவ் ரிட்லி ஆமைகள் கரையேறி முட்டையிடும் மாதங்கள் அவை.

தரை ஏன் இவ்வளவு முக்கியம்? டயர் உருளும்போது தரை அதை இழுத்துப் பிடிக்கும் விசை மணலில் பல மடங்கு கூடுகிறது. மெத்தென்ற மணலுக்கு வண்டி எடையில் 0.2 முதல் 0.4 பங்கு வரை என்று பொறியியல் நூல்கள் கணக்கிடுகின்றன. கெட்டித் தரைக்கு 0.03 என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் மணலில் சுமை சுமார் பத்து மடங்கு. எந்த நாட்டுக்காரரோ வெட்டி வைத்த புல்லில் ஓட்டிவிட்டுப் பரிந்துரைக்கும் கியரை அப்படியே நம் கடற்கரைக்கு எடுத்து வந்தால் எரியத்தான் செய்யும்.

இன்னொன்று. அலை பின்வாங்கிய இடத்தில் மணல் மேல் கறுப்புக் கோடு கோடாகப் படிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதில் இரும்புச் சத்துள்ள கனமான கனிமத் துகள்கள் இருக்கும். பழைய ஸ்பீக்கரின் காந்தத்தை அதில் புரட்டி எடுங்கள், மீசை முளைத்தது மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். பிரஷ்லெஸ் மோட்டாரின் நடுவே சுழல்வதும் பலமான காந்தம்தான். காற்றோட்டத்துக்காகத் துளை போட்ட மோட்டாரில் இந்தத் துகள் உள்ளே போனால் ரோட்டர் எனும் அந்தச் சுழலும் காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும், ஊதினாலும் வராது, சுருளின் பூச்சை மெல்லமெல்ல அரைக்கும். அதனால் கடற்கரைதான் உங்கள் களம் என்றால் கூடு முழுதாக மூடிய மோட்டாராகப் பாருங்கள். துளை உள்ளவை பந்தயத் தடத்துக்குச் செய்தவை.

பெட்டி மேல் உள்ள எண்கள்

3660 என்று இருந்தால் விட்டம் 36 மி.மீ., நீளம் 60 மி.மீ. கேவி என்றால் சுமை இல்லாமல் ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று என்ற எண், அவ்வளவுதான். 3300 கேவி மோட்டாருக்கு 7.4 வோல்ட் கொடுத்தால் 24,420 சுற்று. அந்த எண் பலத்தைச் சொல்லவில்லை. பலத்துக்கு முதலில் பார்க்க வேண்டியது உடல் அளவு. நீளம் கூடக்கூடச் செம்பும் காந்தமும் கூடும், வெப்பத்தைத் தாங்கும் உலோகமும் கூடும்.

கேவிக்கும் முறுக்குவிசைக்கும் ஒரு நேர்க் கணக்கு உண்டு. 9.55-ஐ கேவியால் வகுத்தால் ஒரு ஆம்பியருக்கு எத்தனை நியூட்டன் மீட்டர் என்று வரும். 3300-க்கு 0.0029, 5400-க்கு 0.0018. அதே இழுப்பைக் கொடுக்க 5400 மோட்டார் 60 சதவீதத்துக்கு மேல் கூடுதல் ஆம்பியர் இழுக்கும். அந்த ஆம்பியர் பேட்டரி, வயர், கனெக்டர், ஈஎஸ்சி (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி) எல்லாவற்றின் வழியாகவும் வந்தாக வேண்டும்.

நான்கு துருவ மோட்டாரா, இரண்டு துருவமா? டிரக்குக்கு நான்கு. தாழ்ந்த சுற்றில் இழுப்பு நன்றாக இருக்கும். டிரக்குக்கென்று விற்கும் மோட்டார்களில் பெரும்பாலானவை அப்படித்தான் வருகின்றன, அதிகம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

சென்சார் உள்ளதா இல்லாததா என்பதில் கொஞ்சம் நிற்க வேண்டும். சென்சார் உள்ள மோட்டாரில் ரோட்டர் எந்த நிலையில் நிற்கிறது என்று ஹால் சென்சார்கள் ஈஎஸ்சிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். அதனால் நின்ற இடத்திலிருந்து வெண்ணெய் மாதிரி நகரும். சென்சார் இல்லாததில் முதல் அரைச் சுற்றுக்கு ஈஎஸ்சி ஊகித்துத்தான் ஆக வேண்டும். சுமை அதிகமாக இருந்தால் டக் டக்கென்று திக்கும். பாறை ஏறும் கிராலர் வண்டிக்குச் சென்சார் கட்டாயம், 1/10 கிராலருக்கு 1800 முதல் 2300 கேவி வரை போதும். மணலிலும் புழுதியிலும் பறக்க விடும் டிரக்குக்குச் சென்சார் இல்லாததே என் தேர்வு. அந்த ஆறு முள் சாக்கெட்டில் உப்பு ஈரம் ஏறினால் மோட்டார் நடுநடுவே தயங்கும், காரணம் கண்டுபிடிக்க அரை நாள் போகும்.

பேட்டரி

லைப்போ (லித்தியம் பாலிமர்) செல் ஒன்றுக்குப் பெயரளவில் 3.7 வோல்ட், முழுச் சார்ஜில் 4.2. இரண்டு செல் 2எஸ், மூன்று செல் 3எஸ். மோட்டாரின் உச்சச் சுற்றைப் பார்க்கும்போது 4.2-ஐ வைத்துப் பெருக்குங்கள். 36 மி.மீ. மோட்டார்களுக்கு நிமிடத்துக்கு 50,000 சுற்றுக்குள் நிறுத்துவது நல்லது. தயாரிப்பாளர் வேறு வரம்பு சொன்னால் அதுவே சட்டம்.

3300 கேவி 3எஸ்ஸில்: 12.6 × 3300 = 41,580. சரி.
4000 கேவி 3எஸ்ஸில்: 50,400. விளிம்பு.
5400 கேவி 2எஸ்ஸில்: 45,360. ஓடும். அதையே 3எஸ்ஸில் போட்டால் 68,040, நினைக்கவே வேண்டாம்.

பேட்டரியின் கொள்ளளவான மில்லிஆம்பியர்-மணியை 1000-ஆல் வகுத்து, அதை எவ்வளவு வேகமாக வெளியே விடலாம் என்று சொல்லும் சி எண்ணால் பெருக்கினால் பேட்டரி தரக்கூடிய ஆம்பியர் வரும். 5000 மில்லிஆம்பியர்-மணி, 50சி என்றால் 250 ஆம்பியர், லேபிள்படி. அதில் பாதியை நம்புங்கள், போதும். மே மாதம் கார் டிக்கியில் லைப்போவை வைத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். 60 டிகிரிக்கு மேல் அதற்கு ஆகாது, மூடிய காருக்குள் அந்தச் சூடு ஏறுவது கஷ்டமே இல்லை.

மோட்டாரைத் தேர்ந்தெடுப்பது

இப்போதுதான் கடைக்குப் போகலாம். 1/10 இரு சக்கர இயக்க டிரக், மைதானமும் செம்மண்ணும், 2எஸ் மட்டும் என்றால் 3650 அல்லது 3660 உடலில் 3300 முதல் 4000 கேவி வரை. அதே வண்டி கடற்கரைக்கும் போகும், சில நாள் 3எஸ்ஸும் போடுவீர்கள் என்றால் 3660-க்குக் குறையாமல், 3200 அல்லது 3300 கேவி. டிராக்ஸஸ் நிறுவனம் தன் ஸ்லாஷ் விஎக்ஸ்எல் வண்டியில் 3500 கேவி வைக்கிறது, ஆர்மா நிறுவனம் தன் 3எஸ் வரிசையில் 3200 வைக்கிறது. இரண்டும் இந்தப் பக்கம்தான் நிற்கின்றன, கவனியுங்கள். நான்கு சக்கர இயக்கம் என்றால் எடையும் உராய்வும் கூடும், அதனால் நீளம் ஒரு படி கூடட்டும், கேவி அப்படியே இருக்கட்டும்.

1/8 வண்டிக்கு 36 மி.மீ. மோட்டாரைத் திணிக்காதீர்கள். 4074 அளவில் 2000 கேவி சுற்றுவட்டாரத்தில் எடுங்கள். ஆர்மா கிராட்டன் 6எஸ் வண்டியில் உள்ளது 4074 அளவில் 2050 கேவி.

கேவி குறைவாக எடுத்து வோல்ட்டைக் கூட்டினால் மோட்டார் சூடாகாது என்று ஒரு பேச்சு உண்டு. பாதி உண்மை. ஒரே உடல் அளவில் கேவியைக் குறைக்க மெல்லிய கம்பியை அதிகச் சுற்று சுற்றுகிறார்கள். ஆம்பியர் குறையும், கம்பியின் தடை கூடும். அதே சுற்று வேகத்தில் அதே வேலை செய்யும்போது மோட்டாருக்குள் செம்பில் பிறக்கும் சூடு ஏறக்குறைய ஒன்றுதான். லாபம் ஈஎஸ்சிக்கும் வயருக்கும் பேட்டரிக்கும். மோட்டாரே குளிர வேண்டும் என்றால் அதைச் சிறிய பினியனோடு வேகமாகச் சுழல விட வேண்டும். 3எஸ் போட்டுப் பினியனையும் குறைத்தால்தான் இரண்டு பக்கமும் லாபம். 3எஸ் போட்டுவிட்டு 2எஸ் பினியனையே விட்டு வைத்தால் இருந்த நிம்மதியும் போச்சு.

வாங்குவதற்கு முன் மூன்று அளவு. ஷாஃப்ட் விட்டம் 3.175 மி.மீ.யா 5 மி.மீ.யா? உங்கள் பினியனின் துளை அதற்குப் பொருந்த வேண்டும். திருகுத் துளைகளின் இடைவெளி 25 மி.மீ., திருகு எம்3, இது 36 மி.மீ. மோட்டார்களில் வழக்கம். வண்டியின் மோட்டார் இடத்தில் 60 மி.மீ. நீளமும் வயரும் அடங்குமா? ஸ்கேல் வைத்து அளந்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.

ஈஎஸ்சி

1/10 டிரக்கில் 60 ஆம்பியர் ஈஎஸ்சி கெட்டித் தரைக்குப் போதும். மணலுக்கும் 3எஸ்ஸுக்கும் 120 ஆம்பியர் எடுங்கள், வாழ்நாள் முழுக்க அரைத் தூக்கத்தில் வேலை செய்யட்டும். ஹாபிவிங் போன்றவர்கள் மோட்டாரும் ஈஎஸ்சியும் ஜோடியாகவே விற்கிறார்கள். முதல் முறை வாங்குபவர் ஜோடியாக எடுத்தால் பொருத்தத் தலைவலி இல்லை. தண்ணீர் புகாது என்று எழுதியிருப்பது நல்ல தண்ணீருக்கு. கடல் தண்ணீருக்கு அந்த எழுத்து செல்லாது.

அமைப்புகளில் மூன்றைப் பாருங்கள். பேட்டரி நிறுத்தும் அளவு செல்லுக்கு 3.2 முதல் 3.4 வோல்ட். பஞ்ச் எனப்படும் ஆரம்ப வேகம் நடுவில். டைமிங்கை (சுருளுக்கு மின்சாரம் கொடுக்கும் நேரத்தை முன்தள்ளும் அளவு) கூட்டினால் சுற்று ஏறும், கூடவே சூடும் ஏறும். நம் ஊர் வெயிலுக்கு அது குறைந்தபட்சத்திலேயே இருக்கட்டும்.

சென்சார் இல்லாத மோட்டார் தலைகீழாகச் சுற்றினால் மூன்று வயரில் ஏதாவது இரண்டை மாற்றிச் செருகுங்கள். சென்சார் உள்ளதில் அப்படிச் செய்யக் கூடாது. ஏ, பி, சி வரிசை மாறாமல் வைத்து, திசையை ஈஎஸ்சி அமைப்பில் மாற்றுங்கள்.

கியர் கணக்கு

மோட்டாரின் தண்டில் இருக்கும் சின்னப் பல்சக்கரம் பினியன். அது சுழற்றும் பெரியது ஸ்பர். ஸ்பருக்குப் பிறகு கியர்பாக்ஸுக்குள் மாறாத ஒரு விகிதம் உண்டு. அது வண்டியின் கையேட்டில் இருக்கும்.

இறுதி விகிதம் = (ஸ்பர் பல் ÷ பினியன் பல்) × உள் விகிதம்

ஸ்லாஷ் இரு சக்கர இயக்க வண்டியின் உள் விகிதம் 2.72. அதில் 86 பல் ஸ்பர், 19 பல் பினியன் இருப்பதாக வையுங்கள். 86 ÷ 19 = 4.53. அதை 2.72-ஆல் பெருக்கினால் 12.3. மோட்டார் 12.3 முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும்.

வேகம் வேண்டுமா? 2எஸ்ஸில் 3300 கேவி 24,420 சுற்று. 12.3-ஆல் வகுத்தால் சக்கரத்துக்கு நிமிடத்தில் சுமார் 1,984. டயர் விட்டம் 110 மி.மீ. என்றால் சுற்றளவு 0.3456 மீட்டர். பெருக்கி, 60-ஆல் பெருக்கி, 1000-ஆல் வகுத்தால் மணிக்கு 41 கி.மீ. இது காகித வேகம். உராய்வு, சுமையில் வோல்ட் இறங்குவது எல்லாம் போக 35 பக்கம் வந்தால் சந்தோஷப்படுங்கள். 3எஸ்ஸில் காகித வேகம் 62. "அண்ணே, எவ்ளோ ஸ்பீடு போவும்?" என்று ஓடி வந்து கேட்கும் பையனுக்கு 35 என்றே சொல்லுங்கள். 62 என்றால் ஓட்டிக் காட்டச் சொல்வான்.

இதே வண்டி காய்ந்த மணலில் என்ன செய்யும்? எடை பேட்டரியோடு 2.5 கிலோ, தடை 0.3 பங்கு. அச்சுகளில் தேவைப்படும் முறுக்கு சுமார் 0.4 நியூட்டன் மீட்டர். அதை 12.3-ஆல் வகுத்து, கியரில் 15 சதவீதம் வீணாவதாக வைத்தால், மோட்டார் 0.039 கொடுக்க வேண்டும். 3300 கேவிக்கு அது 13 ஆம்பியர் சொச்சம். வெறுமனே சீராக உருள்வதற்கு மட்டும், விடாமல். கிளம்பும்போதும் திரும்பும்போதும் இழுப்பது தனி. கெட்டித் தரையில் இதே கணக்கு 1.3 ஆம்பியர்தான்.

இப்போது வேகத்துக்கு ஆசைப்பட்டு 25 பல் பினியன் போடுங்கள். விகிதம் 9.36-க்கு இறங்கும், மணலில் 13 ஆம்பியர் 17-ஐத் தாண்டும். சூடு ஆம்பியரின் வர்க்கத்தில் ஏறும் என்பதால் 1.73 மடங்கு. மேம்பாலத்தில் ஐந்தாம் கியரிலேயே ஏறும் பைக் திணறுவது இதுதான். வித்தியாசம், பைக் நின்றுவிடும், பிரஷ்லெஸ் மோட்டார் நிற்காமல் எரியும்.

டயரை மாற்றினாலும் கியர் மாறுகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 110 மி.மீ. டயரை எடுத்துவிட்டு மணலுக்குத் துடுப்பு டயர் 125 மி.மீ. போட்டால், சக்கரம் ஒரு சுற்றில் 13.6 சதவீதம் கூடுதல் தூரம் போகும். 19 பல்லுக்குப் பதில் இருபத்தொன்றரை பல் போட்ட மாதிரி. பழைய சுமைக்கே திரும்ப 17 பல்லுக்கு இறங்க வேண்டும். துடுப்பு மணலைக் கடித்துத் தள்ளுவதால் கூடும் சுமைக்கு இன்னும் ஒன்று குறைத்து 16-இல் ஆரம்பியுங்கள்.

ஆரம்பப் புள்ளியாக: 3300 கேவி பக்கம், 110 மி.மீ. டயர், 2எஸ், கெட்டித் தரைக்கு இறுதி விகிதம் 11 முதல் 12. செம்மண் புழுதிக்கு 12 முதல் 13. காய்ந்த மணலுக்கு 14-க்குக் குறையாமல். 3எஸ் என்றால் ஒவ்வொன்றிலும் 2 கூட்டுங்கள். இது புத்தக விதி இல்லை, நம் வெயிலுக்கு நான் வைத்திருக்கும் தொடக்கம். சோதனை இதைத் திருத்தும்.

பினியன் வாங்கும்போது

பல் எண்ணிக்கை சரியாக இருந்தும் பொருந்தாமல் போவது பல்லின் பருமனால். ஸ்பரும் பினியனும் ஒரே பருமனில் இருக்க வேண்டும். 1/10 வண்டிகளில் 48 பிட்ச், 32 பிட்ச், மாட் 0.6, மாட் 0.8 எல்லாம் புழங்குகின்றன, 1/8-இல் மாட் 1. உங்கள் பழைய பினியன் எது என்று தெரியாவிட்டால் வெர்னியர் காலிப்பரால் பல் நுனியிலிருந்து எதிர் நுனி வரை அளந்து, பல் எண்ணிக்கையோடு 2 கூட்டி வகுங்கள். வரும் எண்தான் மாட்.

20 பல் பினியன் ஒன்று 11.6 மி.மீ. இருந்தால், 22-ஆல் வகுக்க 0.53. அது 48 பிட்ச். 13.2 இருந்தால் மாட் 0.6. இந்த இரண்டையும் கலந்தால் முதல் நாளே ஸ்பர் பல் மாவாகும். 32 பிட்ச்சும் மாட் 0.8-உம் 0.794, 0.8 என்று மயிரிழையில் நிற்பதால் அவசரத்துக்குச் சேர்ந்து ஓடும்.

பித்தளைப் பினியனைத் தவிர்த்து, கடினப்படுத்திய எஃகில் வாங்குங்கள். மணல் பித்தளையை நக்கியே தின்றுவிடும். ஸ்பர் பிளாஸ்டிக்காகவே இருக்கட்டும், ஏதாவது போக வேண்டுமென்றால் விலை குறைந்தது போகட்டும். ஒரு பினியன் மட்டும் வாங்காதீர்கள். கணக்கில் வந்த பல், அதற்குக் கீழே இரண்டு, மேலே ஒன்று என்று எடுத்து வையுங்கள். அஞ்சல் செலவு ஒரு தடவையோடு போகும்.

பொருத்துவது

மோட்டார் திருகின் நீளத்தை முதலில் சரிபாருங்கள். தட்டைத் தாண்டி மோட்டாருக்குள் 5 மி.மீ.க்கு மேல் நீட்ட வேண்டாம். நீண்ட திருகு சுருளைத் தொட்டால் மோட்டாரோடு ஈஎஸ்சியும் போய்ச் சேரும். வண்டிக் கடையில் சரியான எம்3 திருகு கிடைக்கவில்லை என்றால் வாஷர் போட்டுக் குறையுங்கள்.

ஷாஃப்ட்டில் ஒரு பக்கம் தட்டையாகச் சீவியிருக்கும். பினியனின் கிரப் திருகு (தலையில்லாத சின்னத் திருகு) சரியாக அந்தத் தட்டையில் உட்கார வேண்டும். திருகிலும் துளையிலும் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டு திருகு கழலாமல் பிடிக்கும் நீல திரெட்லாக் பசை ஒரு துளி. எம்3 கிரப்புக்கு 1.5 மி.மீ. ஆலன் சாவி, நல்ல எஃகில். மலிவான சாவி ஒரு முறை வழுக்கினால் துளை உருண்டையாகிவிடும், அப்புறம் லேத் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான். சில அமெரிக்கப் பினியன்களில் 0.05 இஞ்ச் சாவிதான் பொருந்தும், 1.5-ஐத் திணிக்காதீர்கள்.

அடுத்து பல் இடைவெளி. நோட்டுப் புத்தகத் தாளில் ஒரு பட்டை கிழித்து இரண்டு சக்கரத்துக்கும் நடுவே விட்டு, மோட்டாரை ஸ்பர் பக்கம் தள்ளிப் பிடித்துத் திருகை இறுக்குங்கள். ஸ்பரைச் சுழற்றித் தாளை வெளியே எடுங்கள். தாள் மடிப்பு மடிப்பாக, கிழியாமல் வந்தால் சரி. கிழிந்து வந்தால் ரொம்ப நெருக்கம். பிறகு விரலால் ஸ்பரைப் பிடித்து மெல்ல ஆட்டிப் பாருங்கள், மிக லேசான டிக் டிக் ஆட்டம் கையில் தெரிய வேண்டும். ஒரு இடத்தில் மட்டும் பார்த்தால் போதாது. ஸ்பர் முழு வட்டமாக இருப்பதில்லை, கால் சுற்றுக்கு ஒரு தடவை நாலு இடத்தில் பாருங்கள். மிக இறுக்கமான இடத்தில்தான் அளவு வைக்க வேண்டும்.

ஒரு பல் மாற்றினால்கூட இந்த இடைவெளியைப் புதிதாக வைக்க வேண்டும். 48 பிட்ச்சில் ஒரு பல்லுக்கு மோட்டார் கால் மில்லிமீட்டர் நகரும்.

ஸ்லிப்பர் கிளட்ச் (திடீர் இழுப்பில் கியர் உடையாமல் வழுக்கிக் கொடுக்கும் அமைப்பு) உள்ள வண்டியில் நட்டை முழுதாக இறுக்கி அரைச் சுற்று தளர்த்துங்கள். கெட்டித் தரையில் முழு வேகம் கொடுத்தால் முதல் ஓரடிக்கு மட்டும் ஸ்ஸ் என்று வழுக்கும் சத்தம் கேட்க வேண்டும். தொடர்ந்து கேட்டால் கிளட்ச் எரிகிறது, இன்னும் கொஞ்சம் இறுக்குங்கள்.

சோதனை: வெப்பமானி பேசட்டும்

கொரோனா நேரத்தில் வாங்கிய நெற்றி வெப்பமானி வீட்டில் இருக்கும். உடல் சூட்டு அமைப்பில் அது 43 டிகிரி பக்கத்தோடு கை விரித்துவிடும், இங்கே உதவாது. தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கான அகச்சிவப்புத் துப்பாக்கி ஒன்று வாங்குங்கள். மோட்டாருக்குச் செலவழித்ததில் சின்னப் பங்குதான்.

அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. பளபளப்பான அலுமினியத்தைக் குறிபார்த்தால் துப்பாக்கி உண்மையை விடக் குறைவாகக் காட்டும், சில நேரம் மிக மிகக் குறைவாக. மோட்டார் கூட்டில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு சதுரம் ஒட்டி, அதையே எப்போதும் அளங்கள். ஒரு ஜாண் தூரத்துக்குள் பிடியுங்கள். தள்ளிப் பிடித்தால் பக்கத்துப் பிளாஸ்டிக்கையும் சேர்த்துச் சராசரி காட்டும்.

முழுச் சார்ஜ் பேட்டரி போட்டு, எப்போதும் ஓட்டுகிற மாதிரியே 3 நிமிடம் ஓட்டி நிறுத்தி அளங்கள். 65-க்கு மேல் இருந்தால் அத்தோடு நிறுத்திவிட்டுப் பினியனில் இரண்டு பல் குறையுங்கள். கீழே இருந்தால் இன்னும் 5 நிமிடம். மறுபடி அளங்கள், இரண்டு நிமிடம் கழித்து இன்னொரு முறை அளங்கள். நின்ற பிறகும் உள்ளே இருக்கும் சூடு வெளியே வந்துகொண்டிருப்பதால் இரண்டாவது எண் கூடுதலாக இருக்கும். அதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

60-க்குக் கீழே: விருப்பமிருந்தால் ஒரு பல் கூட்டலாம்.
60 முதல் 75 வரை: அப்படியே விடுங்கள்.
75 முதல் 80 வரை: ஒரு பல் குறையுங்கள்.
80-க்கு மேல்: இரண்டு பல், அல்லது டயரையோ தரையையோ மாற்றுங்கள்.

வெளியே 80 என்றால் உள்ளே சுருளும் காந்தமும் அதைவிடச் சூடாக இருக்கும். சாதாரணத் தர நியோடிமியம் காந்தம் 80 டிகிரிக்கு மேல் பலத்தை இழக்கத் தொடங்கும், ஆறிய பிறகும் முழுதாகத் திரும்பாது. நல்ல மோட்டார்களில் உயர் தரக் காந்தம் வைக்கிறார்கள், ஆனால் பெட்டியில் எழுதியிருப்பதில்லை.

சோதனையை எப்போது செய்தீர்கள் என்பதைப் பினியன் பையிலேயே எழுதி வையுங்கள். சுற்றுப்புறச் சூட்டின் மேல்தான் மோட்டாரின் சூடு ஏறுகிறது. டிசம்பர் சாயங்காலம் 26 டிகிரியில் 64 காட்டிய அதே வண்டி, கத்திரி வெயிலில் நிழலே 38 இருக்கும்போது 76 பக்கம் போகும். அதனால் என் பெட்டியில் மார்கழிப் பினியன் தனி, சித்திரைப் பினியன் தனி, இரண்டு பல் வித்தியாசம். சித்திரையிலும் மதியம் கடல்காற்று வீசத் தொடங்கிய பிறகு ஓட்டினால் ஒரு பல் திரும்பக் கிடைக்கும்.

மோட்டார் குளிர்ந்து ஈஎஸ்சி மட்டும் கொதிக்கிறதா? பாதி விசையிலேயே நேரம் முழுக்க ஓட்டுகிறீர்கள், அல்லது காற்றாடியில் மணல் சிக்கியிருக்கிறது. பேட்டரி சூடாகிறதா? சி எண் பொய். கனெக்டர் மட்டும் சூடா? பற்றவைப்பு சரியில்லை. 60 வாட் சாலிடரிங் அயர்ன் எடுத்து மறுபடி வையுங்கள், 25 வாட் அயர்ன் அந்தக் கனமான வயரைச் சூடாக்கவே திணறும்.

ஓட்டி முடித்த பிறகு

கடற்கரையிலிருந்து வந்ததும் பஞ்சர் கடையில் காற்றடித்துத் தூசி போக்கலாம். மோட்டார் பேரிங்குக்கு நேராக மட்டும் காற்றை அடிக்காதீர்கள், மணலை உள்ளே தள்ளிவிடும். உப்பு படிந்த இடத்தை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, நிழலில் உலர்த்தி, மோட்டாரின் இரண்டு பேரிங்குக்கும் தையல் மிஷின் எண்ணெய் ஒவ்வொரு சொட்டு. பினியனுக்கும் ஸ்பருக்கும் கிரீஸ் போடாதீர்கள். மணலை ஒட்டவைத்து அரைக்கும் கல்லாக்கிவிடும்.

பினியனைக் கையால் சுழற்றிப் பாருங்கள். காந்தத்தின் வெட்டு வெட்டான தடை சீராக இருக்க வேண்டும். நடுவில் கரகரவென்றால் பேரிங் போகிறது. சக்கர அச்சுகளில் பரவலாக இருக்கும் 5 × 11 × 4 மி.மீ. பேரிங்குக்கு எம்ஆர்115 என்று பெயர், மோட்டாருக்குள் இருப்பதைக் கழற்றி அளந்துதான் கேட்க வேண்டும். பேரிங் கடையில் இந்த எண்ணைச் சொல்லிக் கேளுங்கள், ஆர்.சி. என்று சொன்னால் இல்லை என்றுவிடுவார்கள். ரப்பர் மூடி போட்டதாகக் கேட்டு வாங்குங்கள். இரும்பு மூடியின் இடுக்கில் நம் மணல் தாராளமாகப் போகும்.